நார் சொல்லும் கணக்கு

வைகாசி, ஆனி மாதங்களில் கிருஷ்ணகிரிச் சந்தையில் மாம்பழம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். ஒட்டுப்பழத்தை அரிவது சுலபம். கத்தியை வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நாட்டுப்பழத்துக்குக் கொட்டையைச் சுற்றி நார் பின்னிக் கிடக்கும். நாருக்குக் குறுக்கே கத்தியை இறக்கினால் சதை அறுபடும், நார் அறுபடாமல் கத்தியோடு இழுபடும். கத்தி மொண்ணையாக இருந்துவிட்டால் துண்டு பிய்ந்து, சாறு வழிந்து, கை வலிப்பதுதான் மிச்சம். அதே பழத்தை நாரின் போக்கிலேயே சீவினால் பாதி உழைப்பில் வேலை முடிந்துவிடும்.

இந்த அத்தியாயத்தின் கேள்விகள் எல்லாம் அந்த மாம்பழத்துக்குள் இருக்கின்றன. நார் உள்ள பொருளை வெட்ட எவ்வளவு ஆற்றல் செலவாகும்? எதைப் பொறுத்து அது கூடும், குறையும்? வெட்டும் கருவி மழுங்கினால் என்ன நடக்கும்? விமான இறக்கை செய்கிறவர்களும் காற்றாலை இறகு செய்கிறவர்களும் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓசூருக்கு இவை அக்கம்பக்கத்துக் கேள்விகள்.

பெலகொண்டப்பள்ளியில் ஒரு விமானம்

ஓசூரைப் பலரும் வாகன ஊராக அறிவார்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசப்படும் இந்த எல்லை ஊரில் இரும்பையும் அலுமினியத்தையும் கடைவது இரண்டு தலைமுறைத் தொழில்.

ஓசூரிலிருந்து தளி போகும் பக்கம் பெலகொண்டப்பள்ளி இருக்கிறது. அங்கே தனி ஓடுதளத்தோடு ஒரு விமானத் தொழிற்சாலை இயங்குகிறது: தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன். எல்லைக்கு அந்தப்புறம் பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம், என்.ஏ.எல்., ‘ஹன்சா’ என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை வடிவமைத்தது. 1993 நவம்பர் 17 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. அதன் மேம்பட்ட வடிவமான ஹன்சா-3 2000-ஆம் ஆண்டில் பறப்புத் தகுதிச் சான்று பெற்றது. அந்த விமானத்தைத் தயாரிக்கும் பொறுப்பு பெலகொண்டப்பள்ளிக்கு வந்தது.

ஹன்சாவின் சிறப்பு அதன் உடம்பில் இருக்கிறது. உடல், இறக்கை, வால் எல்லாமே இழைக் கூட்டுப்பொருள். பெரும்பகுதி கண்ணாடி இழையும் எப்பாக்சி பிசினும். பிறகு வந்த தேஜஸ் போர் விமானத்தின் எடையில் 45 சதவீதம் கார்பன் இழைக் கூட்டுப்பொருள். போயிங் 787-இல் அது பாதி எடை. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளாகச் சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூர் ஆகியவை அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அலுமினியம் கடைந்த கைகளுக்கு இனி இழை வெட்டும் வேலை கூடுதலாகவே வரும்.

இழைப் பொருளை வெட்டிப் பழகாத ஊர் என்றும் ஓசூரைச் சொல்லிவிட முடியாது. மின்பலகைகளில் பொருத்தும் பழுப்பு நிற ஹைலம் ஷீட் பட்டறைகளுக்குப் பழைய சிநேகிதன். காகிதமோ துணியோ அடுக்கி, பிசின் ஊற்றி அழுத்திய கூட்டுப்பொருள் அது. மின்சார ஸ்கூட்டரின் கன்ட்ரோலருக்குள் இருக்கும் பச்சைச் சர்க்யூட் பலகையும் கண்ணாடி இழை எப்பாக்சிதான். அதில் மயிர் போன்ற துளைகளை இட, நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஸ்பிண்டில்களைப் பயன்படுத்துகிறார்கள்.

சுருளும் உலோகம், நொறுங்கும் இழை

ஒரு கார்பன் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகளைப் பாயாக விரித்து, திசை மாற்றி மாற்றி அடுக்கி, பிசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்தால் கூட்டுப்பொருள் கிடைக்கும். இழை பாரத்தைத் தாங்குகிறது. பிசின் இழைகளை இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கார்பன் கூட்டுப்பொருள் 1.6 கிராம்தான்.

அச்சில் வார்த்து எடுத்த பாகம் ஏறக்குறைய முழு வடிவத்தோடு வெளியே வரும். ஆனாலும் ஓரங்களைச் சீர் செய்ய வேண்டும், திருகாணிக்கும் ரிவிட்டுக்கும் துளை போட வேண்டும். வெட்டு வேலை அங்கே தொடங்குகிறது.

உலோகம் வெட்டுப்படும் விதத்தை லேத் ஓட்டுகிற யாரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். டூலின் முனை உள்ளே நுழைந்ததும் உலோகம் மாவு போல இளகி, நழுவி, சுருள் சுருளாக வெளியேறும். அந்த நழுவலுக்குத்தான் பெரும்பங்கு ஆற்றல் செலவாகிறது. ஒரு கன மில்லிமீட்டர் அலுமினியத்தை நீக்கச் சுமார் 0.4 முதல் 1 ஜூல் போதும். எஃகு என்றால் வகையைப் பொறுத்து 2 முதல் 9 ஜூல் வரை வேண்டும். உலோகத்துக்கு உலோகம் இந்த எண் மாறும். ஒரே உலோகத்தில் எந்தத் திசையில் வெட்டினாலும் அநேகமாக மாறாது. பட்டறைகளின் மின் கணக்கு இத்தனை காலமும் இந்த நம்பிக்கையில்தான் நடந்துவந்தது.

இழைப் பொருள் இளகாது, நழுவாது, முறியும். 1983-இல் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தைச் சேர்ந்த கோப்லெவ், லைஸ்ட்ரப், வோர்ம் மூவரும் கார்பன் கூட்டுப்பொருளை மெதுவாக வெட்டி, சீவலை ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். அந்த வெட்டு என்பது அடுத்தடுத்து நிகழும் சிறு முறிவுகளின் தொடர். சுருளுக்குப் பதிலாகத் தூள் பறப்பது அதனால்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் சந்தானகிருஷ்ணன், கிருஷ்ணமூர்த்தி, மல்ஹோத்ரா ஆகியோர் இழைப் பொருள்களின் வெட்டுத்தன்மையை ஆராய்ந்து 1988-இல் கட்டுரை வெளியிட்டார்கள். உலகில் இந்தத் துறை தவழத் தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த வேலை அது. பின்னாளில் பழனிகுமார், கருணாமூர்த்தி, கார்த்திகேயன் போன்ற தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கண்ணாடி இழைப் பொருளைக் கடைவதில் வேகம், ஃபீட் (டூல் முன்னேறும் அளவு), இழையின் கோணம் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று வரிசையாக அளந்தார்கள்.

இழையின் கோணம் ஏன் முக்கியம் என்பதைத் தச்சரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மூங்கிலை நீளவாட்டில் வகிர்ந்தால் ‘சர்’ரென்று பிளக்கும். குறுக்கே அறுக்க ரம்பம் வேண்டும். பலகையை இழைக்கும்போது ரேகை எதிர்த்து வந்தால் இழைப்புளி திக்கும், சிலாம்பு எழும்பும். கூட்டுப்பொருளும் இந்த மூன்று விதமாகவே நடந்துகொள்கிறது. டூல் இழையின் போக்கில் போனால் அடுக்கு உரிந்து வருகிறது, விசை குறைவு. குறுக்கே போனால் ஒவ்வொரு இழையாக நறுக்க வேண்டும், விசை கூடுகிறது. இழை டூலை எதிர்த்துச் சாய்ந்திருந்தால்தான் மோசம். இழை முதலில் வளைகிறது, பிறகு வெட்டுக்கோட்டுக்குக் கீழே போய் முறிகிறது, பரப்பில் பள்ளம் விழுகிறது. வட்டமான ஒரு துளையைக் குடையும்போது டூல் முனை ஒவ்வொரு சுற்றிலும் இந்த எல்லாக் கோணங்களையும் கடக்கிறது. அதனால் ஒரே பலகைக்கு, ஒரே டூலுக்கு, ‘கன மில்லிமீட்டருக்கு இத்தனை ஜூல்’ என்று ஒற்றை எண் சொல்ல முடிவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. முறிவதற்கு முன் வளைந்த இழை, முறிந்ததும் வில் போல நிமிர்ந்து டூலின் அடிப்பக்கத்தில் உரசும். லட்சக்கணக்கான நுண் இழைகளின் இந்த உரசல்தான் இழைப் பொருளை வெட்டும் ஆற்றலில் கணிசமான பங்கை விழுங்குகிறது. அந்தச் சூடும் எளிதில் வெளியேறாது. அலுமினியம் வெப்பத்தை ஓடவிடும், பிசின் ஓடவிடாது. 120 முதல் 180 டிகிரி வாக்கில் பல எப்பாக்சி பிசின்கள் இளகத் தொடங்கிவிடும். சூட்டைச் சுமப்பது டூலின் தலையில் விழுகிறது.

மூன்று வகை மின்சாரம்

இப்போது மீட்டருக்கு வருவோம். வெட்டு விசையை வெட்டு வேகத்தால் பெருக்கினால் திறன், அதாவது வாட், கிடைக்கும். அதை நேரத்தால் பெருக்கினால் யூனிட். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். கன மில்லிமீட்டருக்கு ஒன்றிரண்டு ஜூல் செலவாகும் வேலையில் இத்தனை பெரிய யூனிட் எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும். அந்தச் சந்தேகம் நியாயமானது.

ஓசூர்ப் பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் வி.எம்.சி. (செங்குத்து மெஷினிங் சென்டர்) எந்திரம் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டுப் பெட்டி, சர்வோ மோட்டார்கள், உயவெண்ணெய்ப் பம்பு, விசிறிகள், வெறுமனே சுழலும் ஸ்பிண்டில் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட் இழுக்கின்றன. இழைத்தூளை உறிஞ்சும் எந்திரத்துக்கு 2 கிலோவாட். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு கார்பன் பலகையின் நான்கு ஓரங்களையும் 6 மில்லிமீட்டர் கட்டரால் வெட்ட வேண்டும். ஃபீட் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர். சுற்றளவு 5 மீட்டர். எனவே வேலை 10 நிமிடம்.

நீக்கப்படும் பொருள் நொடிக்கு 150 கன மில்லிமீட்டர். கன மில்லிமீட்டருக்கு 2 ஜூல் என்று வைத்தால் வெட்டுக்கு 300 வாட். பத்து நிமிடத்தில் 0.05 யூனிட். அதே பத்து நிமிடத்தில் எந்திரமும் உறிஞ்சியும் சேர்ந்து செலவழிப்பது 0.83 யூனிட். மொத்தத்தில் வெட்டும் முனைக்குப் போனது நூற்றில் ஆறு பங்குகூட இல்லை.

முதலாவதை வெட்டும் மின்சாரம் என்போம், இரண்டாவதைக் காத்திருக்கும் மின்சாரம் என்போம். உலகப் பெரும் ஆலைகளிலும் கதை இதேதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த திமோத்தி குடோவ்ஸ்கியின் குழு 2006-இல் வெளியிட்ட கட்டுரை, டொயோட்டாவின் எந்திர வரிசை ஒன்றின் கணக்கைக் காட்டுகிறது. வெட்டும் வேலைக்கு அங்கே போனது அதிகபட்சம் 14.8 சதவீத ஆற்றல். மீதி 85.2 சதவீதம் எந்திரங்களை வெறுமனே ஓட வைக்கவே செலவானது. அவை உலோகம் வெட்டும் எந்திரங்கள். இழைப் பொருளில் நீக்க வேண்டிய அளவு அதைவிடக் குறைவு என்பதால் வெட்டும் மின்சாரத்தின் பங்கு இன்னும் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் ஃபீடைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். நிமிடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் என்று வைத்தால் வேலை 5 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டும் மின்சாரம் அதே 0.05 யூனிட்தான், ஏனென்றால் நீக்கிய பொருள் அதே அளவு. காத்திருக்கும் மின்சாரம் பாதியாகிறது. பலகை ஒன்றுக்கு 0.42 யூனிட் மிச்சம். மின் கட்டணத்தைப் பார்க்கிற முதலாளிக்கு இது தித்திப்பான செய்தி. இங்கேதான் மூன்றாவது மின்சாரம் குறுக்கே வருகிறது.

கார்பன் இழை பிறக்கும்போதே பெரும் ஆற்றலைத் தின்றுவிட்டுப் பிறக்கிறது. பாலிஅக்ரிலோநைட்ரைல் நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி சூட்டில் பதப்படுத்தி, பிறகு 1,000 டிகிரிக்கும் மேலே கொண்டுபோய்க் கருக்கி எடுக்க வேண்டும். ஒரு கிலோ கார்பன் இழைக்கு 183 முதல் 286 மெகாஜூல் என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. யூனிட்டாக மாற்றினால் கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 80. நம் பலகையின் எடை 7 கிலோ. அதில் இழை ஏறக்குறைய 5 கிலோ. குறைந்த கணக்கிலேயே 250 யூனிட் அந்தப் பலகைக்குள் உறைந்து கிடக்கிறது. பிசினுக்கும், வேகவைத்த அடுப்புக்கும் ஆனது தனி.

அவசரப்பட்டு ஃபீடைக் கூட்டியதில் ஓரம் சிலாம்பு எழும்பி ஒரு பலகை கழிந்தால் 250 யூனிட் நஷ்டம். ஒரு பலகைக்கு 0.42 யூனிட் வீதம் மிச்சம் பிடித்தால் அதை ஈடுகட்ட 600 பலகைகள் நல்லபடியாக வெட்ட வேண்டும். இரும்பு கழிந்தால் உருக்கி மறுபடி ஊற்றலாம். வெந்து இறுகிய எப்பாக்சி மறுபடி உருகாது. இழைப் பொருளின் மின் சிக்கனத்தை இந்த ஒரு கணக்கு தீர்மானித்துவிடுகிறது: வெட்டும் மின்சாரம் சில்லறை, காத்திருக்கும் மின்சாரம் நோட்டு, பொருளுக்குள் உறைந்த மின்சாரம் பெட்டகம்.

மழுங்கிய முனையும் வைர முனையும்

வெட்டும் மின்சாரம் சில்லறை என்றதும் அதை அலட்சியம் செய்துவிடக் கூடாது. பெட்டகத்தைக் காவல் காப்பது அந்தச் சில்லறைதான்.

கண்ணாடி இழையும் கார்பன் இழையும் டூலுக்கு உப்புத்தாள் மாதிரி. சாதாரண ஹை ஸ்பீடு ஸ்டீல் டிரில் சீக்கிரமே கூர் இழந்துவிடும். கார்பைடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நீண்ட நாள் நிற்பது வைரத் துகள்களை இணைத்துச் செய்த முனை, பட்டறை மொழியில் பி.சி.டி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வைரத்தால் அறுப்பது புதிதில்லை. மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளிலும் அறுவை ஆலைகளிலும் வைரக் கம்பியும் வைரப் பல் பதித்த பிளேடும்தான் கல்லைத் துண்டு போடுகின்றன. இழைக்கும் கல்லுக்கும் ஒரே மருந்து வேலை செய்யக் காரணம் ஒன்றே: இரண்டும் டூலைத் தேய்த்துத் தின்கின்றன.

கூர் முனை தேய்ந்து உருண்டால் இழையை நறுக்குவதற்கு முன் வளைக்கிறது, அமுக்குகிறது. நிமிரும் இழையின் உரசல் கூடுகிறது. விசை ஏறுகிறது, சூடு ஏறுகிறது, வாட் ஏறுகிறது. நம் பலகையில் வெட்டும் மின்சாரம் 300 வாட்டிலிருந்து 600 வாட் ஆனது என்று வைத்துக்கொள்வோம். பலகைக்கு 0.88 யூனிட் என்றிருந்த மொத்தச் செலவு 0.93 ஆகும். மாதக் கடைசியில் வரும் மின் கட்டணத்தில் இந்த வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பலகையின் ஓரத்தில் அது வேறு கதை எழுதியிருக்கும்: அடுக்குகள் பிரிந்து, நார் எழும்பி, பிசின் கருகி.

எந்திரத்தின் திரையில் ஸ்பிண்டில் லோடு மீட்டர் ஒன்று இருக்கிறது. அனுபவப்பட்ட ஆபரேட்டர் அதையும், கூடவே எந்திரத்தின் சத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருப்பார். வெறுமனே சுழலும்போது காட்டும் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வெட்டுக்கு மட்டும் ஆகும் லோடு இரட்டிப்பாகியிருப்பது தெரியும். அது டூலை மாற்றச் சொல்லும் மணி. மருத்துவர் நாடி பிடித்து நோயை அறிவது போல, வெட்டும் வாட்டைப் பிடித்து டூலின் கூரை அறியலாம். ஒரு நிபந்தனை உண்டு. ஏழரை கிலோவாட் ஸ்பிண்டிலில் 300 வாட் என்பது 4 சதவீதம். அது 8 சதவீதம் ஆவதைக் கவனமில்லாத கண் தவறவிடும். இழை வேலைக்கு அளவான சிறிய, வேகமான ஸ்பிண்டில் இருந்தால் அதே மாற்றம் கண்ணில் அறையும்.

அரை வாட்டில் கெடும் துளை

நாடி பிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அதைத் துளையிடும் வேலையில் காணலாம்.

டிரில் இரண்டு விதமாக வேலை செய்கிறது: சுழன்று அறுக்கிறது, கீழ்நோக்கி அமுக்குகிறது. 6 மில்லிமீட்டர் டிரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சுழல்கிறது, முறுக்கு விசை 0.2 நியூட்டன் மீட்டர் என்றால், சுழற்சிக்கு 63 வாட். கீழ்நோக்கிய விசை 100 நியூட்டன், ஒரு சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் ஃபீட் என்றால், டிரில் நொடிக்கு 5 மில்லிமீட்டர் இறங்குகிறது. 100-ஐ 0.005 மீட்டரால் பெருக்கினால் அரை வாட்.

பலகையைக் கெடுப்பது அந்த அரை வாட்டுக்குப் பின்னால் இருக்கும் கீழ்நோக்கிய விசைதான். டிரில் அடிப்பக்கத்தை நெருங்கும்போது கீழே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு அடுக்குகளை அது நறுக்குவதற்குப் பதிலாகத் தள்ளிப் பிரித்துவிடுகிறது. 1990-இல் ஹோசெங், தரண் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்கள். அடுக்கு பிரியாமல் தாங்கக்கூடிய விசை, கீழே மிச்சமிருக்கும் கனத்தின் ஒன்றரைப் படி (அடுக்கெண் 1.5) விகிதத்தில் குறைகிறது. கனம் கால் பங்காகச் சுருங்கினால் தாங்கும் விசை எட்டில் ஒரு பங்காக விழுந்துவிடும். கடைசி அரை மில்லிமீட்டரில்தான் நல்ல துளைகள் கெடுகின்றன.

ஸ்பிண்டில் லோடு மீட்டரில் இந்த அரை வாட் தெரியவே தெரியாது. அதைக் காட்டுவது டிரிலைக் கீழிறக்கும் இசட் அச்சு மோட்டாரின் லோடு. எந்த மின்சாரத்தைப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மருந்து எளிமையானது: துளை முடியும் இடத்தில் ஃபீடைக் குறைப்பது, பலகைக்கு அடியில் ஹைலமோ ஒட்டுப்பலகையோ அணைத்து வைப்பது, கூர் போன டிரிலை அந்த நிமிடமே மாற்றுவது.

தூசியின் விலை

உலோகப் பட்டறையில் டூலைக் குளிர்விக்கப் பால் போன்ற கூலன்ட் பாயும். இழைப் பொருளைப் பெரும்பாலும் உலர்வாகவே வெட்டுகிறார்கள். வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சும், ஒட்டும் வேலை கெடும் என்ற பயம் காரணம். கூலன்ட் பம்பின் மின்சாரம் மிச்சம். ஆனால் அந்த இடத்தில் தூசி உறிஞ்சி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அதை நிறுத்தலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. கண்ணாடித் தூள் தோலில் அரிப்பையும் மூச்சுப்பாதையில் எரிச்சலையும் உண்டாக்கும். கார்பன் தூளுக்கு மின்சாரம் கடத்தும் குணம் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட். தூசி உறிஞ்சியின் யூனிட்டைத் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கொடுக்கும் காப்பீடாகவே எண்ண வேண்டும். மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. விசிறிக்குத் தேவைப்படும் திறன், அது இழுக்கும் காற்றின் அளவுக்கு முப்படி விகிதத்தில் மாறும். காற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அறை முழுவதையும் உறிஞ்சும் பெரிய விசிறிக்குப் பதிலாக, டூலைச் சுற்றி ஒரு சிறு கூடு கட்டி அதன் வாயிலேயே உறிஞ்சினால் குறைந்த காற்றில் கூடுதல் தூசி பிடிபடும். நுரையீரலும் பிழைக்கும், மீட்டரும் மெல்ல ஓடும்.

பட்டறையில் செய்யக்கூடியவை

2008-க்குப் பிறகான சில ஆண்டுகள் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்ததை ஓசூர்ப் பட்டறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டீசல் ஜெனரேட்டர் ஓடிய அந்த நாள்களில் ஒவ்வொரு யூனிட்டின் விலையும் எல்லோருக்கும் மனப்பாடம். மின்சாரம் தடையில்லாமல் வரும்போது அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகள் யூனிட்டுக்கு மட்டுமின்றி உச்சத் தேவைக்கும் கேவிஏ கணக்கில் கட்டணம் கட்டுகின்றன. பாதி லோடுகூட இல்லாமல் ஓடும் பெரிய மோட்டார்கள் பவர் ஃபேக்டரைக் கெடுத்து அந்தக் கட்டணத்தை ஏற்றுகின்றன. இழை வேலைக்குப் பெரிய எந்திரம் எதற்கு என்று யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

அடுத்த பலகையை எந்திரத்தின் மேலேயே வைத்து அளந்து, பிடித்து, சரிசெய்யும் நேரமெல்லாம் காத்திருக்கும் மின்சாரம். அந்தச் செட்டிங் வேலையை வெளியே ஒரு மேஜையில் முடித்துவிட்டு, தயாரான பிடிப்பானோடு பலகையை ஏற்றினால் எந்திரம் காத்திருக்காது. வெட்டு நின்றதும் சிறிது நேரத்தில் தூசி உறிஞ்சி தானே அணையும்படி இணைப்புக் கொடுக்கலாம். கம்ப்ரெஸ்டு ஏர் குழாய்களில் கசிவைத் தேடி அடைக்கலாம். பராமரிப்பு இல்லாத இடங்களில் கம்ப்ரெஸரின் 20 முதல் 30 சதவீத உழைப்பு கசிவிலேயே போவதுண்டு. ஃபீடைக் கூட்டும் எண்ணம் இருந்தால் முதலில் கழிவுத் துண்டில் சோதித்து, ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்து, சிலாம்பு தொடங்கும் எல்லைக்கு நன்றாக முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய எந்திரம் தேவையில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும், இரண்டு எந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்கிற பட்டறை உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இழைப் பொருள் வெட்டும் ஒவ்வொரு நாளும் நான்கு எண்களை எழுதுங்கள்: வெறுமனே சுழலும்போது லோடு, வெட்டும்போது லோடு, அந்த டூல் இதுவரை வெட்டிய மீட்டர், கழிந்த பாகங்கள். மூன்று மாதத்தில் உங்கள் டூல் எத்தனை மீட்டரில் மழுங்குகிறது என்று அந்த நோட்டு சொல்லிவிடும். உங்கள் எந்திரத்தில், உங்கள் பலகையில், உங்கள் கைப்பட அளந்த அந்த எண் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.